வெட்டும் முன் எடை போடுங்கள்

பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையைக் கடக்கக் காத்திருக்கும்போது பக்கத்தில் வந்து நிற்கும் லோரியின் கதவைக் கவனியுங்கள். சாயத்தில் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். ஒன்று ‘பெராட் தன்பா முவாத்தான்’, அதாவது பாரம் ஏற்றாத வெற்றெடை. மற்றது ‘பெராட் டெங்ஙான் முவாத்தான்’, அதாவது பாரத்தோடு சேர்த்து அந்த வாகனத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடை. (மலாய்ச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் இரண்டுமே பி.டி.எம். ஆகிவிடும். அதனால் வெற்றெடை, உச்ச எடை என்றே சொல்கிறேன்.) உச்ச எடையிலிருந்து வெற்றெடையைக் கழித்தால் வருவதுதான் அந்த லோரி ஏற்றக்கூடிய பாரம். கழித்தல் கணக்குதான். ஆனால் இந்தக் கணக்கைப் போடாமலே வாகனத்தை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் என் முன்னாள் மாணவர் ஒருவர் கைப்பேசியில் அழைத்தார். கிள்ளானில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். பழைய வேன் ஒன்றை வாங்கி, பழுதாகி நிற்கும் கார்களை ஏற்றிச் செல்லும் வண்டியாக மாற்ற வேண்டும் என்பது அவருடைய திட்டம். “டீச்சர், கணக்குப் பார்த்தா எடை கூடிப் போச்சு. எங்க வெட்டினா குறையும்?” என்று கேட்டார். நானும் யோசிக்காமல், “அலுமினியத்துல தளம் போடலாமேப்பா” என்று சொல்லிவிட்டேன். அறிவியல் ஆசிரியை இப்படித்தான் சொல்வாள் என்று எதிர்பார்ப்பார்கள் அல்லவா? அன்றிரவு தாளை எடுத்து உட்கார்ந்த பிறகுதான் என் பதில் எவ்வளவு அரைகுறை என்று தெரிந்தது.

முதலில் அவருடைய சிக்கலைப் பார்ப்போம். எளிமைக்காக முழு எண்களாக வைத்துக்கொள்கிறேன். வேனின் உச்ச எடை 3,200 கிலோ. மாற்றி அமைத்த பிறகு வெற்றெடை 2,150 கிலோ. மீதம் 1,050. ஓட்டுநரும் உதவியாளரும் ஏறினால் 150 போய்விடும். மிஞ்சுவது 900 கிலோ. நம் சாலைகளில் அதிகம் தென்படும் பெரோடுவா மைவி ஏறக்குறைய 1,000 கிலோ. ஆக, மைவியைக்கூட ஏற்ற முடியாது. இப்போது பெருகிவரும் மின்சாரக் கார்கள் இன்னும் கனமானவை; பிஒய்டி அட்டோ 3 சுமார் 1,750 கிலோ. அவற்றை ஒரு முனையை மட்டும் தூக்கி இழுத்துச் செல்வதும் பொதுவாகக் கூடாது. சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழன்று மின்சாரத்தை உண்டாக்கிப் பழுதாக்கலாம். நான்கு சக்கரங்களையும் தரையிலிருந்து எடுத்துத் தளத்தில்தான் ஏற்ற வேண்டும்.

இனி அலுமினியத்துக்கு வருவோம். 5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 4.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகுத் தளம் என்று வையுங்கள். எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ. தளத்தின் எடை 353 கிலோ. அலுமினியத்தின் அடர்த்தி 2,700. அதே தடிப்பில் செய்தால் 122 கிலோதான். ஆகா என்று துள்ளத் தோன்றும். பொறுங்கள். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு எளிதாக வளையும். அதே விறைப்பு வேண்டுமானால் தடிப்பை 6.5 மில்லிமீட்டராக ஆக்க வேண்டும். அப்போது எடை 175 கிலோ. பாதி குறைந்தது உண்மை. ஆனால் விலை கூடும்; அதைப் பற்றவைக்கத் தனிப் பயிற்சி வேண்டும்; எஃகுச் சட்டத்தோடு நேரடியாகத் தொட்டு மழையில் நனைந்தால் அலுமினியம் அரிக்கப்படும். கிள்ளானில் மழைக்குக் குறைவா, கடற்காற்றுக்குக் குறைவா?

இப்போது வேறு விதமாக யோசிப்போம். கார் தளத்தில் எங்கே தொடுகிறது? நான்கு டயர்களில் மட்டும்தான். நடுவில் இருக்கும் தகடு எதையும் சுமக்கவில்லை. அரை மீட்டர் அகலத்தில் இரண்டு தடங்களை மட்டும் வைத்து, நடுவை வெறுமையாக விட்டால் பரப்பளவு பாதியாகும். அதே மலிவான எஃகிலேயே எடை 177 கிலோ. அலுமினியத் தளத்தின் எடையும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்று! பொருளை மாற்றுமுன் வடிவத்தை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நான் அவசரப்பட்டுச் சொன்ன பதில் ஆயிரக்கணக்கான ரிங்கிட்டை விழுங்கியிருக்கும்.

அலுமினியமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபோர்டு நிறுவனம் 2015-ஆம் ஆண்டு மாதிரி எஃப்-150 வண்டியின் மேலுடலை அலுமினியத்துக்கு மாற்றி, 300 கிலோவுக்கு மேல் வரை எடையைக் குறைத்தது. ஆனால் அடிச்சட்டத்தை எஃகிலேயே விட்டுவிட்டது. எது எதைச் சுமக்கிறது என்று தெரிந்தவர்கள் செய்த வேலை அது.

அடுத்துச் சொல்லப்போவது எனக்கு உண்மையிலேயே பயம் தருகிறது. வேனை மாற்றுகிறவர்கள் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கூரையையும் பக்கச் சுவர்களையும் அறுத்து எடுத்துவிடுகிறார்கள். நிறைய எடை குறைந்தது என்று மகிழ்ச்சி. பல வேன்களில் லோரிக்கு இருப்பது போலத் தனி அடிச்சட்டம் கிடையாது. கூரை, சுவர், தரை மூன்றும் சேர்ந்துதான் எலும்புக்கூடு. நம்பாதவர்கள் ஒரு காலணிப் பெட்டியை எடுங்கள். மூடியைப் பசைநாடாவால் சுற்றிலும் ஒட்டி, இரு முனைகளையும் பிடித்து முறுக்குங்கள். அசையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள். துணிபோல் திருகிக்கொள்ளும். அறுத்த வேன் அந்த மூடியில்லாத பெட்டிதான். அதைச் சரிசெய்ய அடியில் துணைச்சட்டம் போட வேண்டும்; அறுத்துப் போட்ட எடையில் பெரும்பகுதி இரும்பாகத் திரும்பி வந்துவிடும். துணைச்சட்டமும் போடாமல் விட்டால், ஒரு நாள் குழியில் இறங்கி ஏறும்போது விரிசல் காணும். வேறு சிலர் எடை குறைக்க அடிச்சட்டத்தில் துளை போடுகிறார்கள். துளையின் ஓரத்தில்தான் தகைவு குவியும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் முக்கியம். 1916-இல் அமெரிக்காவின் சட்டனூகா நகரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற பட்டறைக்காரர், கெடிலாக் கார் ஒன்றின் பின்னால் கம்பங்களையும் கப்பியையும் சங்கிலியையும் பொருத்தி இழுவை வண்டியை உருவாக்கினார். அன்று முதல் இன்று வரை இழுவை வண்டி ஒரு நெம்புகோல்தான். கார் ஒன்றின் முன்பகுதியைத் தூக்கும் கை, பின் அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால் இருக்கிறது. இரு அச்சுகளுக்கும் இடையே 3 மீட்டர். தூக்கும் பாரம் 600 கிலோ என்று கொள்வோம். நீங்கள் படித்த திருப்புத்திறன் கணக்கைப் போடுங்கள். முன் அச்சிலிருந்து 300 கிலோ குறையும்; பின் அச்சில் 900 கிலோ கூடும். 600 தூக்கினோம், பின் டயர்கள் உணர்வதோ 900! முன் சக்கரம் இலேசானால் ஸ்டீயரிங் பேச்சுக் கேட்காது, மழைச் சாலையில் பிரேக்கும் பிடிக்காது. ஆகவே வாலில் 10 கிலோ குறைப்பது பின் அச்சில் 15 கிலோ குறைப்பதற்குச் சமம். முன் பம்பரை இலேசாக்குவதோ நிலைமையை மோசமாக்கும். கருவிப் பெட்டியையும் பேட்டரியையும் ஓட்டுநர் அறைக்குப் பின்னால் நகர்த்தினால் ஒரு கிலோகூடக் குறையாது, வண்டி மட்டும் பாதுகாப்பாகும்.

சில்லறைக் குறைப்புகளும் உண்டு. தரையில் போட்ட 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை, தாள் ஒன்றுக்கு 30 கிலோ வரும். நனைந்தால் இன்னும் கூடும். இழுவைக் கம்பி வடத்துக்குப் பதில் செயற்கை இழைக் கயிறு போட்டால் 10 கிலோ மிச்சம், ஆனால் கூர்மையான விளிம்பில் உரசக் கூடாது. இவற்றைச் செய்யலாம்.

ஒன்றை மட்டும் செய்யக் கூடாது. பரிசோதனைக்குப் போகும் காலையில் மாற்று டயர், சங்கிலி, பெட்டிகள் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, சான்று வாங்கியதும் மீண்டும் ஏற்றிக்கொள்வதைச் சிலர் சாமர்த்தியம் என்கிறார்கள். கதவில் எழுதும் எண் பொய்யாகிறது, அவ்வளவுதான். பிரேக்குக்கு அந்த எண் தெரியாது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் 3,500 கிலோ வண்டியின் இயக்க ஆற்றல் சுமார் 1.09 மெகாஜூல், 4,000 கிலோ என்றால் 1.25. கூடுதல் ஆற்றல் முழுவதையும் பிரேக்தான் வெப்பமாக மாற்றியாக வேண்டும். 2025 மே 13-ஆம் தேதி தெலுக் இந்தானில் லோரி மோதி 9 போலீஸார் இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஸ்டீயரிங் பழுதோடு அளவு மீறிய பாரமும் விசாரணையில் வெளிவந்தது.

என் மாணவரிடம் இரண்டாம் முறை பேசியபோது, “வெட்டுறத நிறுத்திட்டு முதல்ல எடை போடு” என்றேன். பழைய இரும்புக் கடையில் லோரிகளை நிறுத்தும் எடைமேடை இருக்கிறது. முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஓர் அளவு, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஓர் அளவு, பிறகு முழுசாக ஓர் அளவு. கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் தனியாக எடைபோட்டு நோட்டில் எழுதச் சொன்னேன். பள்ளியில் செய்முறை அறிக்கை எழுதச் சோம்பல் படுவார். இப்போது மூன்று பக்கம் எழுதிப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கூரையை இன்னும் அறுக்கவில்லை. தகுதி பெற்ற பொறியாளர் ஒருவர் துணைச்சட்டத்தை வரைந்து தரட்டும், ஜேபிஜே அனுமதியும் கிடைக்கட்டும், அதன் பிறகு தொடுகிறேன் என்றார். அத்தனைக்குப் பிறகும் அட்டோ 3 போன்ற காரை அந்த வேன் ஏற்றாது என்று நோட்டின் கடைசி வரியில் அவரே எழுதியிருக்கிறார். அதற்குப் பெரிய லோரி வேண்டும். இப்போது அதன் விலையை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.