ஞாயிற்றுக்கிழமை லீவு யாருக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போனில் புலம்பினாள். "டீச்சர், பிள்ளைங்களுக்கு லீவு விட்டாச்சு. மாலுக்குப் போனா பார்க்கிங், கேம்ஸ், சாப்பாடுன்னு காசு கரைஞ்சு போகுது. வீட்ல விட்டா செல்போனை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேங்குதுங்க." அவள் குடியிருப்பது மயிலாப்பூரில். மயிலாப்பூரில் இருந்துகொண்டு இப்படி ஒரு கேள்வியா என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது.

லஸ் சர்ச் ரோட்டில் நாகேஸ்வர ராவ் பூங்கா இருக்கிறது. அமிர்தாஞ்சன் தைலத்தைத் தந்தவர் பெயரில் அமைந்த பூங்கா. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் அங்கே குழந்தைகளின் கச்சேரி நடக்கும். மைக் கிடையாது. எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். மைக் இல்லாததால் பாடுகிற குழந்தை வாயைத் திறந்து பாடியாக வேண்டும், கேட்கிறவர்கள் பேச்சை நிறுத்தியாக வேண்டும். முப்பது வருஷம் வகுப்பில் "சத்தம் போடாதே" என்று கத்தியவள் சொல்கிறேன், குழந்தைகளை அமைதியாக உட்கார வைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. அதே பூங்காவில் செஸ் ஆடவும் ஓர் இடம் உண்டு. பென்ஷன் வாங்குகிற தாத்தாவும் ஆறாம் வகுப்புப் பையனும் எதிரெதிரே சரிசமமாக உட்காருவதை வேறு எங்கே பார்க்க முடியும்? தாத்தா தோற்றால் இன்னும் அழகு.

ஜனவரியில், பொங்கலை ஒட்டி மயிலாப்பூர் விழா. வடக்கு மாட வீதியில் கோலப்போட்டி, இன்னொரு பக்கம் தாயக்கட்டம், பல்லாங்குழி. எதற்கும் கட்டணம் கிடையாது. கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. உள்ளே போகக் காசு வேண்டாம். அம்மாவோடு வெள்ளை போர்டு பஸ்ஸில் போனால் 2021இலிருந்து அம்மாவுக்கு டிக்கெட்டும் இல்லை.

சரி, இதெல்லாம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். நான் எழுத உட்கார்ந்ததே வேறு ஒன்றுக்காக.

எங்கள் வீட்டில் வேலை செய்கிற பெண்ணின் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வீடு பட்டினப்பாக்கம் பக்கம், வாரியக் குடியிருப்பு. மார்கழி முழுக்க அவள் போடும் கோலத்தை அவளுடைய அம்மா செல்போனில் காட்டுவாள். பதினேழு புள்ளி வைத்து ஒரே இழையில் சுற்றிக்கொண்டு வருகிற சிக்குக் கோலம்! "மாட வீதியில் போட்டி நடக்குதே, கூட்டிட்டுப் போயேன்" என்றேன். "அதெல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைங்களுக்கும்மா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அவளை யாரும் வரக்கூடாது என்று சொல்லவில்லை. காசும் கேட்கவில்லை. ஆனாலும் அது தன் பெண்ணுக்கு இல்லை என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. கட்டணம் இல்லை என்பது வேறு. நமக்கும் சேர்த்துத்தான் இது என்று ஒரு குழந்தைக்குத் தோன்றுவது வேறு.

இந்த வருஷம் நானே அந்தப் பெண்ணை அழைத்துப்போனேன். பரிசு ஒன்றும் வரவில்லை. மடிசார் கட்டிய ஒரு பாட்டி குனிந்து பார்த்து, "யாரு சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டார். "எங்கம்மா" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் முதலில் சொன்னது அதைத்தான்.

"அவங்களே வர வேண்டியதுதானே, யார் தடுத்தா?" என்று நம் சொந்தத்திலேயே சிலர் கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். குடும்ப நிகழ்ச்சிகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நடக்கின்றன. அன்றைக்குத்தான் நம் வீடுகளில் எல்லோரும் இருக்கிறோம். டிபன் பாத்திரம் இரண்டு மடங்கு, மாப்பிள்ளை வருகிறார், ஒட்டடை அடிக்க வேண்டும். நாலு வீட்டில் வேலை செய்கிற தாய்க்கு வாரத்திலேயே கனமான நாள் ஞாயிறு. அவள் நம் வீட்டில் பாத்திரம் துலக்குகிற நேரத்தில்தான் நாம் பூங்காவில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறோம். தடுத்தது யார் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் காலையில் அவளுக்கு லீவு கொடுங்கள். சம்பளத்தைப் பிடிக்காமல். "பூங்காவில் பிள்ளைங்க பாடுறாங்க, உன் பிள்ளையையும் கூட்டிட்டு வா, நாங்களும் அங்கேதான் இருப்போம்" என்று வாயால் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வரமாட்டாள். அங்கே பார்த்தால் பக்கத்தில் இடம் விட்டு உட்காரச் சொல்லுங்கள். ஒரு வேளை பாத்திரத்தை நாமே கழுவினால் கை தேய்ந்துவிடாது. மருமகன்களும் இதைப் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. "சர்டிபிகேட் தருவாங்களா டீச்சர்?" என்று கேட்டு யாரும் எனக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள். பதில் வராது.

வருகிற முதல் ஞாயிறு நான் பூங்காவில் செஸ் ஆடும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பேன். கிளம்பும் முன் நிகழ்ச்சி உண்டா என்று ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் கொண்டு வாருங்கள். மந்தைவெளி, ராயப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் யார் யார் வருகிறீர்கள், கூட யாரை அழைத்து வருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.