டிஎம்பி என்னும் திண்ணை

போன வாரம் வீட்டு மடிக்கணினியில் டெபியன் 13 லினக்ஸைப் புதிதாக ஏற்றினேன். அதில் 'டிஎம்பி' அடைவு இப்போது வன்தட்டில் இல்லை, நினைவகத்தில் இருக்கிறது. கணினியை அணைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் காலி. அணைக்காவிட்டாலும், 10 நாள் தொடாத கோப்பை அதுவே துடைத்துவிடும்.

"இது அநியாயம் இல்லையா பெரியப்பா?" என்றான் தம்பி மகன். நியாயம்தான் என்றேன். பட்டவன் சொல்கிறேன்.

1996. எங்கள் அலுவலகத்தில் சோலாரிஸ் ஓடும் இயந்திரம். சோலாரிஸில் அப்போதே டிஎம்பி நினைவகத்தில்தான். சம்பள நிலுவைக் கணக்கை இரண்டு நாள் ஓட்டி, பாதியில் வந்த கோப்புகளை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். ராத்திரி கரண்ட் போனது, யுபிஎஸ் தாங்கவில்லை. காலையில் ஒன்றுமில்லை. இரவுப் பணியில் இருந்த ஆபரேட்டர் பையனுக்கு மெமோ கொடுத்தார்கள். 'வைத்த இடம் என் தப்பு' என்று மேலதிகாரியிடம் போய்ச் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். அந்த மூன்று நாளை யார் திரும்பக் கொடுப்பது?

டிஎம்பி ஊர்ப் பொதுத் திண்ணை மாதிரி. யார் வேண்டுமானாலும் மூட்டையை இறக்கலாம். ஒருவர் மூட்டையை இன்னொருவர் தூக்க முடியாதபடி 'ஸ்டிக்கி பிட்' காவல் இருக்கிறது. ஆனால் விடிந்தால் திண்ணையைக் கூட்டிவிடுவார்கள்.

கொஞ்ச நாள் தங்க வேண்டியதற்கு 'வார்' அடைவுக்குள் இன்னொரு டிஎம்பி இருக்கிறது. கணினியை மறுபடி இயக்கினாலும் அதில் இருப்பது போகாது. டெபியன் அங்கே 30 நாள் தவணை தருகிறது. பெரிய கோப்புகளை வரிசைப்படுத்தும்போது 'டிஎம்பிடிஐஆர்' மாறியில் அந்த இடத்தைக் குறித்துவிட்டால் நினைவகமும் நிரம்பாது. எங்கே வைத்தாலும் பெயரை நீங்களே சூட்டாமல் 'எம்கேடெம்ப்' கட்டளையிடம் விடுங்கள். யாராலும் ஊகிக்க முடியாத பெயரில், உங்களுக்கு மட்டும் திறக்கும் கோப்பாகத் தரும்.

என் கட்சி இதுதான்: ஒரு கோப்பு தற்காலிகமா என்று அதன் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது தொலைந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஐந்து நிமிடத்தில் மறுபடி உண்டாக்கலாம் என்றால் டிஎம்பி. அரை நாள் வேலை என்றால் வார் டிஎம்பி. இன்னொருவர் தலை உருளும் என்றால் அது தற்காலிகக் கோப்பே இல்லை. சொந்த அடைவில் வையுங்கள், நகலும் எடுங்கள்.