கடைசிச் சுற்றில் முடிவு மாறுவது எப்படி? வீட்டுத் தனிமையில் இருந்தவர்கள் ஓட்டு என்ன ஆனது?

2021 மே 2, ஞாயிற்றுக்கிழமை, முழு ஊரடங்கு. மரக்காணத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்க அறையில் எனக்கு அது தனிமையின் ஆறாம் நாள். காய்ச்சல் விட்டிருந்தது, ஆக்சிமீட்டர் 97 காட்டியது. சும்மா படுத்திருக்க முடியாமல், 'தொகுதி நிலவரம் மட்டும் பார்க்கிறேன்' என்று டெஸ்க்கில் நானே கேட்டு வாங்கிய வேலை.

உப்பு சீசன் உச்சத்தில் இருக்கிற மாதம். வழக்கமாக அந்த நேரத்துக்கு உப்பளத்தில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியப்பா, அன்று மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். "இன்னாப்பா, ஒரு டிவியில ஒருத்தர் முன்னிலைங்கிறான், இன்னொரு டிவியில வேற ஆளு. உன் போனுல எண்ணிக்கையே கம்மியா காட்டுது. எதத்தான் நம்புறது?"

இந்தக் கேள்வியை அன்று தமிழ்நாடு முழுக்கக் கேட்டார்கள். முடிவு வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆனது, புதிய அரசு பதவியேற்றது, 2021 மே 10-ல் இரண்டு வார முழு ஊரடங்கும் தொடங்கியது. ஆனால் 'கடைசி நேரத்தில் மாத்திட்டாங்க' என்ற வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள் மட்டும் நிற்கவில்லை. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஒரு எண், மூன்று வேகம்

முதலில் எங்கள் பக்கத்துக் கதை. வாக்கு எண்ணும் மையத்தில் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மேசைகளில் முகவர்கள் குறித்துக்கொள்வார்கள். செய்தியாளருக்கு முதலில் கிடைப்பது அந்தக் கணக்குதான். டிவியில் வேகமாக ஓடுவதும் அதுதான். அதே சுற்றைத் தேர்தல் நடத்தும் அலுவலர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் ஆணையத்தின் இணையதளத்தில் ஏறும். ஆகவே டிவி 9-வது சுற்றில் இருக்கும்போது இணையதளம் 6-வது சுற்றில் நிற்கும். பெரியப்பா பார்த்தது பொய் அல்ல, ஒரே தொகுதியின் வேறு வேறு நேரங்கள். சேனல்களுக்குள் இருக்கும் போட்டியும் இதில் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இந்த முறை தாமதம் அதிகமாகவே இருந்தது. கொரோனாவால் ஒரு வாக்குச்சாவடிக்கு 1,000 வாக்காளர் என்று வரம்பு வைத்தார்கள். மாநிலம் முழுக்க 88,937 சாவடிகள். 234 தொகுதிக்குப் பிரித்தால் சராசரி 380. வழக்கமான 14 மேசைக் கணக்கில் 27 சுற்றுக்கு மேல் போகும்.

ஒரு சுற்றில் அடுத்தடுத்த எண்ணுள்ள சாவடிகள், அதாவது பக்கத்துப் பக்கத்து ஊர்கள் வரும். ஒரு கட்சிக்குச் செல்வாக்குள்ள ஊர்கள் முதலில் எண்ணப்பட்டால் மதியம்வரை அந்தக் கட்சி முன்னிலை. அப்புறம் இன்னொரு பக்கத்து ஊர்கள் வந்ததும் எல்லாம் மாறும். கோவை தெற்கில் கமல்ஹாசன் நாளின் பெரும்பகுதி முன்னிலையில் இருந்து, கடைசியில் வானதி சீனிவாசனிடம் 1,728 வாக்கில் தோற்றது இப்படித்தான். காட்பாடியில் பல சுற்றுகள் பின்தங்கியிருந்த துரைமுருகன் 746 வாக்கில் தப்பித்தார். தி.நகரில் வித்தியாசம் வெறும் 137.

மரக்காணம் இருக்கும் திண்டிவனம் (தனி) தொகுதிக்கு இந்த அனுபவம் பழையது. 2016-ல் இங்கே தி.மு.க. ஜெயித்தது 101 வாக்கில். எங்கள் தெருவில் இன்னும் அந்த எண்ணைச் சொல்வார்கள். 2021-ல் மாநிலமே தி.மு.க. கூட்டணிக்கு 159 இடம் கொடுக்க, திண்டிவனம் அ.தி.மு.க.வின் அர்ஜுனனைத் தேர்ந்தெடுத்தது.

தபால் ஓட்டு ஏன் சண்டைக்கு மையம்?

வித்தியாசம் மூன்று இலக்கத்துக்குள் வந்துவிட்டால் எல்லாரும் பார்ப்பது தபால் வாக்கைத்தான். காலை 8 மணிக்கு அதைத்தான் முதலில் எண்ணத் தொடங்குவார்கள், அரை மணி நேரம் கழித்து மிஷின். ஆனால் 2021-ல் தபால் எண்ணிக்கை முடியும்வரை மிஷின் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு தபால் வாக்கிலும் உறைக்குள் உறை, கூடவே ஓர் உறுதிமொழிப் படிவம். படிவத்தில் உரிய அதிகாரியின் சான்றொப்பம் இல்லையென்றால் உள்ளே இருக்கும் உறையைப் பிரிக்காமலே தள்ளுபடி. இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். மிஷின் கணக்கு கிட்டத்தட்ட முடிந்த பிறகு தபால் கணக்கு வந்து சேர்ந்தால், போன் திரையில் அது 'திடீர் ட்விஸ்ட்' போலத் தெரியும்.

இதன் உச்சக்கட்டம் ராதாபுரம். 2016-ல் அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 வாக்கில் வென்றார். தோற்ற தி.மு.க.வின் அப்பாவு நீதிமன்றம் போனார். நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பமிட்ட 203 தபால் வாக்குகளைத் தள்ளுபடி செய்தது சரியா என்பதே முக்கியக் கேள்வி. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. எண்ணவும் செய்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அப்படியே சட்டமன்றத்தின் ஐந்து வருஷமும் முடிந்துவிட்டது. 2021-ல் அதே இருவர் மோதி, அப்பாவு வென்றார்.

தபால் வாக்கு என்றாலே கட்சிகள் உஷாராகிவிடுவதற்கு இதுபோன்ற அனுபவங்கள்தான் காரணம். 80 வயது கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், கொரோனா பாதித்தவர்கள் வீட்டிலிருந்தே தபால் வாக்கு போடலாம் என்ற ஏற்பாட்டை எதிர்த்து தி.மு.க. உயர் நீதிமன்றம் போனது. ஏற்பாடு செல்லும் என்று மார்ச்சில் தீர்ப்பு வந்தது.

சரி, தனிமையில் இருந்தவர்கள் போட்டார்களா?

இங்கேதான் எனக்கு வருத்தம். வீட்டிலிருந்து வாக்களிக்க 12டி என்ற படிவம் தர வேண்டும். கடைசி நாள், தேர்தல் அறிவிக்கை வந்ததிலிருந்து 5 நாள். அறிவிக்கை மார்ச் 12-ல் வந்தது. அதாவது, ஏப்ரல் 6 வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம் முன்பே 'எனக்குக் கொரோனா' என்று சொல்லியாக வேண்டும்!

மார்ச் நடுவில் தமிழ்நாட்டில் தினசரி தொற்று ஆயிரத்துக்கும் கீழே. வாக்குப்பதிவு நாளில் 3,600-ஐத் தாண்டியிருந்தது. மார்ச்சில் படிவம் கொடுத்த நோயாளி வாக்குப்பதிவுக்குள் குணமாகியிருப்பார். ஏப்ரல் முதல் வாரத்தில் படுத்தவருக்குப் படிவம் கிடையாது.

அவர்களுக்கு மிச்சமிருந்தது ஒரு மணி நேரம், மாலை 6 முதல் 7 வரை. பாதுகாப்புக் கவச உடை போட்டுக்கொண்டு சாவடிக்கு வரலாம். கனிமொழி எம்.பி. அப்படித்தான் வந்து வாக்களித்தார், படம் எல்லா இடத்திலும் வந்தது. என் அத்தைக்கும் அந்த வாரம்தான் பாசிட்டிவ். சாவடி இரண்டு தெரு தள்ளி. நடக்கத் தெம்பில்லை, ஆட்டோ வராது. அதைவிட, "அந்த உடையைப் போட்டுக்கிட்டு தெருவுல நடந்தா நாளைக்கு நம்ம வீட்டு வாசலுக்கு யாரு வருவா?" என்றார். போகவில்லை. கனிமொழிக்கு ஆம்புலன்ஸ் இருந்தது என்பது குற்றச்சாட்டு அல்ல. ஆனால் சிற்றூரில் அந்த ஒரு மணி நேரம் எத்தனை பேருக்கு உண்மையில் திறந்திருந்தது?

அந்த 26 நாள்

வாக்குப்பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் நடுவே 26 நாள். வேளச்சேரியில் வாக்குப்பதிவு நாள் இரவே விவிபேட் கருவியை இரு சக்கர வாகனத்தில் கொண்டுபோனவர்களைப் பொதுமக்கள் பிடித்தார்கள். அதில் 15 ஓட்டு பதிவாகியிருந்தது தெரிந்து, 92-வது சாவடிக்கு ஏப்ரல் 17-ல் மறுவாக்குப்பதிவு நடந்தது. அதற்குப் பிறகு ஸ்ட்ராங் ரூம் பக்கம் கண்டெய்னர் வந்தாலும், வைஃபை சிக்னல் தெரிந்தாலும் புகார்தான்.

சந்தேகப்படுவது தப்பில்லை. ஆனால் அதற்குச் சோதனை உண்டு. வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு சாவடியிலும் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்று முகவருக்கு 17சி படிவ நகல் தருவார்கள். எண்ணும் நாளில் மிஷின் காட்டும் மொத்தமும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். சீல் எண்ணும் சரியாக இருக்க வேண்டும். தொகுதிக்கு 5 சாவடியில் விவிபேட் சீட்டுகளையும் எண்ணிப் பார்ப்பார்கள்.

இதைப் பார்க்க முகவர் உள்ளே இருக்க வேண்டுமே? 2021-ல் கொரோனா நெகட்டிவ் சான்று, அல்லது இரண்டு டோஸ் தடுப்பூசி இருந்தால்தான் அனுமதி கிடைத்தது. கரூரில் 77 வேட்பாளர்கள், அத்தனை பேரின் முகவர்களும் ஒரே கூடத்தில் எப்படி என்ற வழக்கில்தான், தேர்தல் ஆணையத்தின் மீது கொலை வழக்கே போடலாம் என்ற அளவுக்கு ஏப்ரல் 26-ல் சென்னை உயர் நீதிமன்றம் கொதித்தது. மறுநாளே வெற்றி ஊர்வலங்களுக்குத் தடை வந்தது. அந்த வார்த்தைகள் கடுமையானவை என்ற உச்ச நீதிமன்றம், நீதிமன்றத்தில் பேசப்படுவதை ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்ற ஆணையத்தின் கோரிக்கையை ஏற்கவில்லை.

கண்டெய்னரைப் பற்றி ஊரே பேசியது. படிவம் 12டி-யின் தேதியைப் பற்றி எங்கள் டெஸ்க்கும் சேர்த்து யாரும் பெரிதாகப் பேசவில்லை.

2021 மே மாதத்தில் விழுப்புரம் உள்ளிட்ட 9 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் பாக்கி இருந்தது. எங்கள் மரக்காணம் பேரூராட்சிக்கும் அப்போது தேர்தல் நடக்க வேண்டியிருந்தது. 12டி இருப்பது நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்கான 1961-ம் ஆண்டு விதிகளில். உள்ளாட்சிக்கு அது கிடையாது, அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். வாசலில் தட்டை வைத்துவிட்டுத் தள்ளிப்போன அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்போ உங்க அத்தைக்கு அப்பவும் அந்த ஒரு மணி நேரம்தானா?" என்றார்.