தொட்டால்தான் மல்லுக்கட்டு

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா குஸ்தி? கோ-கோ இருக்கு, த்ரோபால் இருக்கு." பெண்கள் மல்யுத்த அணி வேண்டும் என்று மனுவோடு போய் நின்றபோது எங்கள் கல்லூரி உடற்கல்வி இயக்குநர் சொன்னது இது. அடுத்துச் சொன்னது: "கேக்குறதுக்கு ஆளே இல்லையே." மனுவில் பதினொரு கையெழுத்து இருந்தது. எண்ணிப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

நான் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்த காலம். பதினொரு பேரில் ஏழு பேர் காலனிப் பிள்ளைகள். லீவுக்குப் போனால் நாற்றுக்கட்டு சுமப்பவர்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள். அந்த உடம்பின் பலம் கூலிக்கு ஆகும், விளையாட்டுக்கு ஆகாதாம். மாமல்லன் என்ற பட்டத்தை ஊர்ப்பெயராகவே வைத்துப் பெருமை பேசுகிறவர்களுக்கு, மல்லுக்கட்டும் பெண்ணைக் கண்டால் மட்டும் கூச்சம் வந்துவிடும்.

'ஆள் இல்லை' என்பது நம்ம ஊர்ச் சரக்கு மட்டுமல்ல. அமெரிக்காவில் கல்விக்கூடங்களில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1972லேயே வந்துவிட்டது. ஆனாலும் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மோரிஸ் வளாகம் முதல் பெண்கள் அணியை அமைக்க 1993 ஆனது. என்.சி.ஏ.ஏ. என்கிற கல்லூரி விளையாட்டு அமைப்பு 2020இல்தான் 'வளர்ந்துவரும் விளையாட்டு' என்று ஓரமாக இடம் கொடுத்தது. நாற்பது கல்லூரிகளாவது அணி வைத்தால்தான் சாம்பியன்ஷிப் என்றது விதி. அணி இல்லை, அதனால் பெண்கள் வரவில்லை. பெண்கள் வரவில்லை, அதனால் அணி இல்லை. பள்ளியில் பையன்களோடு மோதிப் பழகிய பெண்கள் கேட்டுக் கேட்டுத்தான் இந்தச் செக்குமாட்டுச் சுற்று உடைந்தது. 2025 ஜனவரியில் சாம்பியன்ஷிப்புக்கு வாக்களித்தார்கள், முதல் போட்டி 2026இல் என்று. சட்டத்துக்கும் போட்டிக்கும் நடுவே ஐம்பத்துநாலு வருசம்!

இங்கே பல்கலைக்கழகங்களுக்கு இடையே பெண்கள் மல்யுத்தம் நடக்கத்தான் செய்கிறது. 2004 ஏதென்ஸில் ஒலிம்பிக்கிலும் சேர்த்தாகிவிட்டது. 2016 ரியோவில் சாக்‌ஷி மாலிக் வெண்கலம் வாங்கினார். விதியில் தடை இல்லை. பிறகு எங்கேதான் இருக்கிறது தடை?

தொடுவதில் இருக்கிறது. ஓட்டத்தில் அவரவர் தடம். வாலிபாலில் நடுவே வலை. மல்யுத்தத்தில் ஒன்பது மீட்டர் வட்டத்துக்குள் ஒருத்தி வேர்வை இன்னொருத்தி மேல் ஒட்டாமல் ஆட்டமே இல்லை.

ஜூடோ மேட் இரவல் வாங்கி மூன்று வாரம் சாயங்காலம் பழகினோம். ஊர்த்தெருப் பிள்ளை ஒருத்தி, காலனிப் பிள்ளை ஒருத்தி, ரெண்டு பேரும் ஐம்பத்துமூணு கிலோ. தராசுக்குச் சாதி தெரியாது, சோடி சேர்த்துவிட்டது. ஒருநாள் ஊர்த்தெருப் பிள்ளையின் அம்மா வந்தார். "கட்டிப் பொரள ஒனக்கு அந்தத் தெருக்காரிதான் கெடச்சாளாடி?" மகளைத் தரதரவென்று இழுத்துப்போய், கல்லூரிக் குழாயடியிலேயே தலையோடு தண்ணீர் ஊற்றி, ஈரத்தோடு பஸ் ஏற்றினார். மேட்டின் மேல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் தோழியின் முகத்தை எழுத எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. மறுநாள் முதல்வர் பயிற்சியை நிறுத்தினார். காரணம், உடை கண்ணியமாக இல்லையாம். நாங்கள் போட்டிருந்தது முழுக்கால் பேண்ட்டும் முழுக்கைச் சட்டையும்.

இப்போது புதுச்சாக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. சம்மேளனத் தலைவர் மீது பாலியல் புகார் சொல்லி 2023இல் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்த வீராங்கனைகளை மே 28 அன்று போலீஸ் இழுத்துப்போனது. "இதுக்குத்தான் வேணாங்கிறோம்" என்கிறார்கள், முற்போக்கு பேசும் நம் தோழர்கள் சிலரும்கூட. சரி, பெண் பயிற்சியாளரைப் போடுங்கள், புகார்க் குழுவை நடத்துங்கள் என்றால், நிதி இல்லை. அதிகாரம் உள்ளவன் தொட்டால் விசாரிக்க நாதியில்லை. சமமாய் நின்று ரெண்டு பெண்கள் தொட்டுக்கொண்டால் கண்ணியம் கெட்டுவிடும்.

அதே கல்லூரியில் இப்போது படிக்கும் பிள்ளைகள் மறுபடி மனு எழுதியிருக்கிறார்கள். நானும் கூடப் போகிறேன். கையெழுத்து இருபத்தாறு. இந்தத் தடவை எண்ணிக்கையை மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம்.