பல்லை ஆட்டியது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காதுகுத்து. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி முறுக்கை இலை ஓரமாக ஒதுக்கி வைத்தான். ஏன்டா என்றேன். பல் தேய்த்தாலே ஈறில் ரத்தம் வருகிறது, டாக்டர் கிளீனிங் பண்ணச் சொல்லியிருக்கிறார், நாளைக்குப் போகிறேன் என்றான். அடுத்த இலையில் இருந்த சித்தி பதறிப்போனார். "ஐயையோ, மிஷின் வச்சுச் சுரண்டினா நல்லா இருக்கிற பல்லெல்லாம் ஆட ஆரம்பிச்சிடும்டா. உங்க சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு." சுற்றி நாலு பேர் ஆமாம் போட்டார்கள். அதில் ஒருவர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவர். மறுநாள் தம்பி போகவில்லை. அவனுக்கு 42 வயது.

எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இதே பேச்சை உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். கேட்டுவிட்டுச் சும்மாவும் இருந்திருப்பீர்கள்.

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 480 பேரின் கதை சித்திக்கும் அந்த ஆசிரியருக்கும் தெரியாது. நார்வேக்காரரான ஹாரல்ட் லோவும் அவருடைய குழுவினரும் 1970 முதல் 15 ஆண்டுகள் அவர்களுடைய ஈறுகளைத் திரும்பத் திரும்ப அளந்தார்கள். அத்தனை பேரும் தமிழர்கள், ஆண்கள். பல் வைத்தியம் எட்டியே பார்க்காத வாய்கள். 100க்கு 11 பேருக்குத்தான் ஈறு வீக்கத்தோடு நின்றது. 81 பேருக்கு மெதுவாகவும் 8 பேருக்கு வேகமாகவும் பல்லின் பிடிமானம் கழன்றுகொண்டே போனது. அந்த எட்டுப் பேருக்கு இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, 45க்குள் வாய் காலி. அவர்கள் பல்லை எந்த மிஷின் சுரண்டியது? எந்த டாக்டர் ஆட்டிவிட்டார்?

ஆட்டியது ஊத்தை. பல்லில் படியும் பிசுபிசுப்பான கிருமிப் படலத்தை அன்றன்றைக்கு எடுக்காவிட்டால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஏறிச் சில நாளிலேயே காறையாக இறுகிவிடும். அப்புறம் பிரஷ்ஷும் எடுக்காது, வேப்பங்குச்சியும் எடுக்காது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் வரை இடைவெளி இருப்பது இயல்பு. காறை அதற்குள் இறங்க இறங்க ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, பள்ளம் ஐந்து, ஆறு என்று ஆழமாகிறது. அடியில் எலும்பு கரைகிறது. வலியே இருக்காது, அதுதான் கொடுமை. எலும்பு பாதி போன பல்லைக் காறைதான் சிமென்ட் போலப் பக்கத்துப் பல்லோடு ஒட்டி நிறுத்தி வைத்திருக்கும். அதை எடுத்ததும் பல் தன் உண்மையான நிலைமையைக் காட்டுகிறது. வீக்கம் வற்றுவதால் சந்து தெரிகிறது, சில நாள் கூசுகிறது. உடனே பழி டாக்டர் தலையில். சித்தப்பா எப்போது டாக்டரிடம் போனார் என்று எனக்குத் தெரியும். கீழ் முன்பல் இரண்டும் நாக்குப் பட்டாலே அசைந்த பிறகு.

அன்றைக்கு மலையகத்துக்காரர்களுக்கு டாக்டர் இல்லை, வசதியில்லை. அப்போது பல பேருக்குக் குடியுரிமைகூட இல்லை. லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டு அறையில் பிறந்து கொழுந்துக் கூடைகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள் பல் போய் நின்றதற்கு ஒரு நாடே பதில் சொல்ல வேண்டும். நமக்கு என்ன கேடு? சென்னையில் 1953 முதல் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கையில் இருப்பதை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, அந்தத் தோட்டத்து வாய்களை நாமாகத் தேடிக்கொள்கிறோம்.

இந்த பேஸ்ட் விளம்பரங்களையும் நான் மன்னிக்கத் தயாராக இல்லை. உப்பு, கிராம்பு என்று காட்டியே ஈறுக்குள் இறங்கிய காறை கரைந்துவிடும் என்று ஜனங்களை நம்ப வைத்திருக்கிறார்கள். எந்த பேஸ்ட்டும் அதைக் கரைக்காது. புகையிலை கலந்த பல்பொடியை 1992லேயே தடை செய்தும், புகையிலையை ஈறில் தேய்க்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கும் கிளினிக்குகள்மீதும் எனக்குக் கோபம் உண்டு. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. இருபது வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்ட என் அம்மாவை ஒருவர்கூட "வாயைத் திறங்கம்மா" என்று சொன்னதில்லை. அம்மா 58 வயதில் பல் செட்டு கட்டினார். ஒரு நாளும் கிளீனிங் போகாதவர் அவர். தோட்டத்து 480 பேரைப் போலவே.

தம்பியின் சீட்டை வாங்கிப் பார்த்தேன். கீழ் முன்பல்லில் பள்ளம் ஆறு மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறது. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரோடு ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுக்க வேண்டும். கரைந்த எலும்பு பழையபடி வளராது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். சனிக்கிழமைக்கு நானே நேரம் வாங்கிவிட்டேன். அவன் வராவிட்டால் வீட்டுக்கே போய் அழைத்து வருவேன்.