கல்லாற்றைத் தாண்டினால்...

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாக வித்துரா சுமார் 40 கி.மீ. விடியலில் கிளம்பினால், சைக்கிள் வாங்கிச் சில மாதமே ஆனவர்கூட காலைச் சாயாவுக்கு வந்துவிடலாம். பரீட்சை அதற்குப் பிறகுதான். கல்லாற்றைத் தாண்டியதும் பொன்முடி சாலையின் 22 கொண்டை ஊசி வளைவுகள். கீழே பறந்து வந்தவர் இறங்கித் தள்ளுவது இங்கேதான்.

2023 அக்டோபரில் ஆசிய மவுண்டன் பைக் போட்டி நடந்த மலை இது. ஆனால் தொலைதூர சவாரிக்குத் தயாராகிறவர் இங்கே படிக்க வேண்டியது வேகத்தை அல்ல, நிதானத்தை. பிரான்ஸில் பிறந்த 'பிரெவே' சவாரிகளில் முதல் பரிசு கிடையாது. 200 கி.மீ.க்குப் பதின்மூன்றரை மணி நேரம், 600 கி.மீ.க்கு 40 மணி நேரம். சராசரி மணிக்கு 15 கி.மீ. போதும். ஆனால் சாப்பாடு, பஞ்சர், தூக்கம் எல்லாம் அந்தக் கணக்கிலேயே அடக்கம். முத்திரை குத்தும் இடங்களைத் தவிர, வழியில் நண்பரின் கார் வந்து உதவக் கூடாது.

பயிற்சியும் அதற்கேற்பத்தான். வாராவாரம் தூரத்தைக் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். ஏற்றத்தில் இலகுவான கியர், பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய வேகம். தளரும் முன் பழம், வியர்வைக்கு ஈடாக உப்பிட்ட மோர். பஞ்சர் ஒட்ட வீட்டிலேயே பழக வேண்டும். இறக்கத்தில் பிரேக் பிடிப்பது வளைவுக்கு முன்பே.

உச்சியைத் தொட்டவர் பாதிதான் வந்திருக்கிறார். வீடு இன்னும் 60 கி.மீ.