பொய் மீனுக்கு உயிர் கொடுப்பது எது?

சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது என்பது தமிழில் எல்லோரும் அறிந்த வழக்கு. ஆனால் சின்ன மீனையும் போடாமல், ஒரு தக்கைத் துண்டைப் போட்டே பெரிய மீனைப் பிடித்தவர்கள் உலகில் உண்டு. மரத்தையோ தக்கையையோ மீன் வடிவில் செதுக்கி, வர்ணம் பூசி, முள் மாட்டி, தண்ணீரில் இழுத்துச் செல்லும் இந்தப் பொய் மீனை வீட்டிலேயே செய்து கொள்வது பல தேசங்களில் ஒரு பொழுதுபோக்காக இருந்து வருகிறது. சிலருக்கு அது வயிற்றுப்பாட்டுக்கு வழியாகவும் இருந்தது.

இந்தக் கைத்தொழிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் செதுக்குவதைப் பற்றியும், வர்ணத்தின் அழகைப் பற்றியுமே பேசுகிறார்கள். செதிலைக் கோடு கோடாக எழுதுவதையும் கண்ணுக்குக் கண்ணாடிமணி பதிப்பதையும் வியந்து பாராட்டுகிறார்கள். பாராட்டட்டும், அதில் தவறில்லை. ஆனால் பொய் மீன் செய்வதில் செதுக்குவது பாதி வேலைதான். தண்ணீரில் விட்டுப் பார்த்து, கோணலை அறிந்து, சிறிது சிறிதாகத் திருத்துவதே மறுபாதி. சொல்லப்போனால் பெரிய பாதியும் அதுதான். இதை மறந்தவர் செய்யும் மீன் அலமாரிக்கு அழகு செய்யுமே தவிர ஏரிக்கு உதவாது.

பின்லாந்து ஏரியிலே

இதற்கு உதாரணம் தேடி வெகு தூரம் அலைய வேண்டியதில்லை. இந்தக் கலையில் உலகப் புகழ் பெற்ற ஒருவரின் கதையே போதும். பின்லாந்து தேசத்தில் ஏரிகள் ஏராளம்; சிறியதும் பெரியதுமாக ஏறத்தாழ 1,88,000 ஏரிகள் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். அவற்றில் பரப்பில் இரண்டாவது பெரியது பையான்னே ஏரி. அதன் கரையில் மீன் பிடித்துப் பிழைத்தவர் லவ்ரி ரபாலா. 1905-இல் பிறந்தவர்; ஏழை; பெரிய குடும்பத்துக்குச் சோறு போட வேண்டியவர்.

அந்தக் காலத்தில் அவர் கையாண்ட முறை, நீண்ட கயிற்றில் வரிசையாக முட்களைக் கட்டி, ஒவ்வொரு முள்ளிலும் சிறு மீனை இரையாகக் குத்தி ஏரியில் விடுவது. இரை மீனை முதலில் பிடிக்க வேண்டும். பிறகு குத்த வேண்டும். போன இரைக்குப் பதிலாக மறுபடியும் குத்த வேண்டும். பெரிய மீன் பிடிக்கிற நேரத்தை விடச் சின்ன மீனோடு மல்லாடுகிற நேரம் அதிகம். இரையே இல்லாமல் பிடிக்க முடியுமானால் எவ்வளவு நேரம் மிச்சம் என்ற எண்ணம் அவருக்கு உண்டானதில் வியப்பில்லை.

படகில் இருந்தபடியே அவர் தண்ணீருக்குள் கூர்ந்து பார்த்தார். சிறு மீன்கள் கூட்டமாகப் போகும். பெரிய மீன் கூட்டத்துக்குள் பாயும். ஆனால் அது கண்ட மீனையும் பிடிப்பதில்லை. கூட்டத்தில் ஏதோ ஒன்று அடிபட்டோ நோயுற்றோ சற்றுத் தள்ளாடி, கோணலாக நீந்திக் கொண்டிருக்கும். பெரிய மீன் அதைத்தான் குறி வைத்தது. எளிதில் அகப்படும் இரை எது என்பது வேட்டையாடும் பிராணிக்குத் தெரியாதா?

1936-இல் ரபாலா தம்முடைய முதல் பொய் மீனைச் செய்தார். கருவி, செருப்புத் தைக்கிறவர் வைத்திருக்கும் கத்தி. பொருள், தக்கை. மேலே மினுமினுப்புக்கு, சாக்லெட்டும் பாலாடைக்கட்டியும் சுற்றி வரும் ஈயக்காகிதம். அதற்கு மேல் தண்ணீர் புகாமல் இருக்க மெருகெண்ணெய் பூச வேண்டும். அதற்குக் காசு இல்லை. பழைய புகைப்பட நெகட்டிவ்களை உருக்கிப் பூசினார். (அந்தக் காலத்து நெகட்டிவ்களில் பல சட்டென்று தீப்பற்றக் கூடியவை. இன்று யாரும் இந்த ஒரு காரியத்தில் மட்டும் அவரைப் பின்பற்ற வேண்டாம்.)

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் கத்தியையும் ஈயக்காகிதத்தையும் சொல்லி, "ஆகா, என்ன சாமர்த்தியம்!" என்று நிறுத்தி விடுகிறார்கள். ஆனால் ஈயக்காகிதம் சுற்றத் தெரிந்தவர்கள் பின்லாந்தில் அவர் ஒருவர்தானா? அவருடைய பெருமை மினுமினுப்பில் இல்லை. அந்தத் தள்ளாட்டத்தைத் தக்கைத் துண்டுக்குள் கொண்டு வந்ததில் இருக்கிறது. அதைக் கத்தியால் மட்டும் கொண்டு வர முடியாது.

தள்ளாட்டத்தின் ரகசியம்

பொய் மீன் ஏன் ஆடுகிறது? அதன் முகத்தில், கீழ் உதட்டைப் போல ஒரு சிறு தகடு சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். நூலை இழுக்கும்போது தண்ணீர் அந்தத் தகட்டில் மோதி இரு பக்கமும் பிரிந்து ஓடும். தகட்டின் பின்னால் சுழல்கள் உண்டாகும். அவை ஒரே சமயத்தில் இரு பக்கமும் கழலுவதில்லை. இடப் பக்கம் ஒன்று, வலப் பக்கம் ஒன்று என்று மாறி மாறிக் கழலும். ஒவ்வொன்றும் கழலும்போது மீனின் உடல் ஒரு பக்கம் தள்ளப்படுகிறது. அதுவே ஆட்டம்.

தகடு செங்குத்தாக இருந்தால் பொய் மீன் மேலாக, அகல ஆடிக் கொண்டு வரும். மூக்கின் நேர்க்கோட்டை ஒட்டிப் படுத்தாற்போல் இருந்தால் ஆழத்துக்கு இறங்கும். உடலின் அடிவயிற்றில் சிறிது கனம் வைத்தால் தலைகீழாகப் புரளாமல் நிமிர்ந்து நிற்கும். கனம் அதிகமானால் ஆட்டம் மடிந்து விடும். கனத்த முள்ளை மாட்டினாலும் ஆட்டம் குறையும். வர்ணத்தைத் தடித்துப் பூசினாலும் கனம் ஏறும். இலேசான உடல் துடிப்பாக ஆடும் என்பதால்தான், தக்கைக்கும் பைன் மரப்பட்டைக்கும் பிறகு, மரங்களிலெல்லாம் மிக இலேசானவற்றில் ஒன்றாகிய பால்சாவுக்கு ரபாலா மாறினார்.

இந்த ஆட்டத்தைப் பெரிய மீன் கண்ணால் மட்டும் அறிவதில்லை. மீனின் உடலில் இரு பக்கமும் நெடுக ஓடும் பக்கக்கோடு என்ற உறுப்பு தண்ணீரின் அசைவை உணரக் கூடியது. கலங்கல் தண்ணீரிலும் மங்கிய வெளிச்சத்திலும் வர்ணம் தெரியாது, அசைவு தெரியும். செதில் செதிலாக எழுதுவதில் மாதக்கணக்கில் பாடுபட்டு, ஓட்டத்தைப் பார்க்க ஒரு நாள் கூட ஒதுக்காதவர் யாருக்காகப் பாடுபடுகிறார்? மீனுக்காக அல்ல, பார்க்க வரும் நண்பருக்காகவே.

கூடம் கோணலா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பொய் மீன் செய்கிறவர்களிலும் இந்த ரகம் உண்டு. மீன் அகப்படாவிட்டால் ஏரி சரியில்லை, காற்று சரியில்லை, மரம் சரியில்லை என்பார்கள். மீனை எடுத்து நேராகப் பார்த்தால் தகடு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

கையால் செதுக்கிய எந்த இரண்டு மீனும் ஒன்று போல் இராது. ஒரு மயிரிழை வித்தியாசமும் தண்ணீரில் பெரிதாகத் தெரியும். ஆகையால் தேர்ந்தவர்கள் ஓர் ஒழுங்கை வைத்துக் கொண்டிருக்கிறார்கள். முதலில், வர்ணம் பூசுவதற்கு முன்பே முட்களை மாட்டி ஒரு வாளித் தண்ணீரில் மிதக்க விடுகிறார்கள். நிமிர்ந்து மிதக்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்த்து அடிவயிற்றுக் கனத்தைச் சரி செய்கிறார்கள். பிறகு, கரையோரத்தில் தெளிந்த தண்ணீரில் மெதுவாக இழுத்துப் பார்க்கிறார்கள். பிறகு வேகமாக. மெதுவாக இழுக்கும்போது யோக்கியமாக வருகிற மீன், வேகமாக இழுத்ததும் பக்கவாட்டில் ஓடித் தலைகீழாகப் புரளுவது உண்டு. உள்ளே மறைந்திருக்கும் கோணலை வேகம் காட்டிக் கொடுத்து விடும்.

அப்படி ஓடினால் மருந்து எளிது. மீனின் மூக்கு தம்மை நோக்கி இருக்கும்படி பிடித்துக் கொண்டு, நூல் கட்டும் கம்பி வளையத்தைச் சிறு குறடால், மீன் எந்தப் பக்கம் ஓடியதோ அதற்கு எதிர்ப்பக்கம் வளைக்க வேண்டும். மீன் இடப்புறம் ஓடினால் வளையம் வலப்புறம். எவ்வளவு? கண்ணுக்குத் தெரியாத அளவு. மறுபடியும் இழுத்துப் பார்க்க வேண்டும். மறுபடியும் ஒரு சிறிது. பொறுமையற்றவர் ஒரே முறுக்கில் நேராக்கப் பார்ப்பார். வளையம் தளர்ந்து கையோடு வரும். தகடே கோணலாக இருந்தால், வளையத்தை வளைத்து ஒப்பேற்றாமல் தகட்டைக் கழற்றிப் பொருத்துவதே நேர்மையான வேலை.

ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டும் என்பது இதில் பெரிய பாடம். முள்ளையும் மாற்றி, கனத்தையும் குறைத்து, வளையத்தையும் திருகி விட்டால், மீன் நன்றாக ஓடினாலும் காரணம் தெரியாது. மோசமாக ஓடினாலும் காரணம் தெரியாது. முடிச்சைக் கூடக் கவனிக்க வேண்டும். வளையத்தோடு இறுக்கிக் கட்டினால் ஆட்டம் அடங்கும். தளர்ந்த கண்ணி விட்டுக் கட்டினால் மூக்கு தாராளமாக அசையும். எத்தனையோ நல்ல மீன்கள் கெட்ட முடிச்சினால் கெட்ட பெயர் வாங்கியிருக்கின்றன!

கடைச் சரக்கு இருக்கும்போது?

"கடையில் நூறு தினுசு தொங்கும்போது இத்தனை பாடு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மலிவாகக் கிடைப்பதை வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் வாங்கிய மீன் கோணலாக ஓடினால் அதைத் திருத்த எத்தனை பேருக்குத் தெரியும்? கெட்டுப்போயிற்று என்று பெட்டியில் போட்டு விட்டு வேறொன்று வாங்குவார்கள். ஒரு மீனையாவது தம் கையால் செய்து, ஓட்டிப் பார்த்துத் திருத்தியவருக்குக் கடைச் சரக்கும் அடங்கும். வீட்டில் செய்வதால் மிச்சமாகும் காசை விட, அதனால் வரும் இந்த அறிவுதான் லாபம்.

ரபாலாவின் கதையும் அதையே சொல்லுகிறது. 1950-களின் இறுதியில் அவருடைய மீன் அமெரிக்காவின் மின்னசோட்டா வியாபாரிகள் கண்ணில் பட்டது. 1962 ஆகஸ்டில் 'லைஃப்' பத்திரிகை அதைப் பற்றி எழுதியது. மர்லின் மன்றோ காலமானதை ஒட்டி, அட்டையில் அவர் படத்தோடு வந்த இதழ் அது. விற்பனைக்குக் கேட்க வேண்டுமா? செய்து அனுப்ப முடியாத அளவுக்கு ஆர்டர்கள் குவிந்தன. அவ்வளவு நெருக்கடியிலும் ஒரு வழக்கத்தை அவர்கள் விட்டு விடவில்லை. ஒவ்வொரு மீனும் கையால் திருத்தப்பட்டு, தொட்டியில் ஓட்டிப் பார்க்கப்பட்டது என்பதையே பெட்டியின் மேல் விளம்பரமாக அச்சிட்டார்கள். இயந்திரம் ஆயிரம் மீனைச் செதுக்கலாம். ஓட்டம் சரிதானா என்று முடிவு சொல்ல ஒருவர் தண்ணீர் அருகில் நிற்க வேண்டியிருந்தது.

பிழைத்த மீனுக்கும் பொறுப்பு உண்டு

வீட்டில் செய்கிறவருக்கு உரிமை உண்டு என்றால் பொறுப்பும் உண்டு. முள்ளைத் தாங்கும் கம்பி, மூக்கிலிருந்து வால் வரை உடலின் ஊடே ஒரே கம்பியாகப் போக வேண்டும். மரத்தில் திருகி ஒட்டி வைத்த முள், பெரிய மீன் இழுத்ததும் பிடுங்கிக் கொள்ளும். மீன் பிழைத்து விட்டதே என்று நினைக்கலாம். வாயில் முள்ளோடு பிழைத்த பிழைப்பு என்ன பிழைப்பு? பிடிப்பதானால் பிடிக்க வேண்டும். விடுவதானால் முழுசாக விட வேண்டும். இரண்டுமில்லாமல் வதைப்பது வேட்டைக்காரனுக்கு அழகல்ல.

அடிவயிற்றுக் கனத்துக்கு ஈயமே சுலபம் என்று வீட்டு அடுப்பங்கரையில் அதை உருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஈயம் நஞ்சு, குழந்தைகளை அதிகம் பாதிக்கும். அறுந்து தண்ணீரில் விழுந்த ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னங்கள் செத்ததனால், இங்கிலாந்தில் 1987-இல் சிறிய ஈயக் குண்டுகளுக்குத் தடை விதித்தார்கள். பித்தளைத் துண்டும் எஃகுக் குண்டும் கிடைக்கும்போது ஈயத்தைக் கட்டி அழ வேண்டிய அவசியம் என்ன? கனம் கொஞ்சம் குறையும். இரண்டு முறை கூடுதலாக ஓட்டிப் பார்க்க வேண்டி வரும். அவ்வளவுதான்.

லவ்ரி ரபாலா 1974-இல் காலமானார். அவர் விட்டுச் சென்ற பெயர் உலகமெங்கும் தூண்டில்காரர்களின் பெட்டிகளில் இருக்கிறது. ஆனால் அவர் விட்டுச் சென்ற பாடம் பெட்டியில் அடைபடுவதல்ல. முதலில் பார், பிறகு செய், செய்ததைத் தண்ணீரில் விட்டுக் கேள், அது சொல்வதைக் கேட்டுத் திருத்து. வீட்டில் மரமும் கத்தியுமாக உட்காரும் இளைஞர்கள், வர்ணக் குப்பியைத் திறக்கும் முன் ஒரு வாளித் தண்ணீரை மொண்டு பக்கத்தில் வைத்துக் கொள்வார்களானால் பாதி வேலை முடிந்தது.